தெளிப்பு மருந்து நஞ்சேறினால் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

பூச்சி மருந்து தெளிக்கும்போது நஞ்சேறி ஒருவர் இறந்துவிட்டால், பல ஊர்களில் நடப்பது ஒன்றே. அன்று மாலையே உடல் தகனம் செய்யப்படுகிறது. டப்பா வாய்க்காலில் கழுவி வீசப்படுகிறது. நிலத்துக்காரர் கையில் உள்ளதைக் கொடுக்கிறார். குடும்பத்தார் ஒரு தாளில் கைரேகை வைக்கின்றனர். சட்டப்படி அக்குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை பல லட்சமாக இருக்கலாம். ஆனால், அதைப் பெறுவதற்கான சான்றுகள் எல்லாம் அந்த ஒரே நாளில் அழிந்துவிடுகின்றன.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கணவரை இழந்த பெண்கள் இருவரும், உயிர் பிழைத்த ஒருவரும் 2020-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மருந்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். ஏழைக் குடும்பத்தாலும் சட்டத்தின் உதவியை நாட முடியும் என்பதற்கு இது சான்று. நம் ஊரில் உள்ள வழிகளைக் கீழே காண்போம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

வாந்தி, அதிக வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை பாஸ்பரஸ் வகை மருந்துகளின் நஞ்சேறிய அறிகுறிகள். நனைந்த உடைகளைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உயிரைக் காப்பதே முதல் வேலை. அத்துடன் பின்வருவனவற்றையும் கவனிக்க வேண்டும்.

1. மருந்து டப்பாவைக் கழுவாமல், மூடி இறுக்கி, உறையிலிட்டு உடன் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க சிகிச்சை தர இயலும். பெயர், தொகுதி எண், காலாவதி நாள், முக்கோண நிறம் ஆகியவை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய நஞ்சையும், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்பன படிப்படியாகக் குறைந்த நஞ்சையும் குறிக்கும்.

2. மருத்துவமனைச் சீட்டில் "வயலில் மருந்து தெளிக்கும்போது" என்று எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவசரத்தில் "மருந்து உட்கொண்டார்" என்று பதிவாகிவிட்டால், அது தற்கொலை முயற்சி என்று பொருள்படும். பின்னர் காப்பீடும் இழப்பீடும் தடைப்படும். தவறாக இருந்தால் அப்போதே திருத்தக் கேளுங்கள்.

3. பாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்தாக இருந்தால், இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கும் சோதனை உண்டு. சிகிச்சையின் தொடக்கத்திலேயே மாதிரி எடுக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

4. இறப்பு நேர்ந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் தகனம் செய்யக் கூடாது. தெளிப்பு நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறுவது. ஆகவே நனைந்த சட்டையும் ஒரு சான்று. அதைத் துவைக்காமல் பையிலிட்டுக் காவல் துறையிடம் ஒப்படைத்து, ஒப்புகை பெறுங்கள்.

கூலிக்குத் தெளித்தவர் என்றால்

வேளாண்மையில் பூச்சி மருந்து தெளிக்கும் வேலை, இழப்பீட்டுக்கு உரிய வேலைகளின் பட்டியலில் உள்ளது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இன் கீழ் வருகிறது.

கணக்கு எளிது. இறப்புக்கு, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலி ரூ.12,000 எனில், 6,000 x 184.17 = ரூ.11,05,020. வயது குறைந்தால் எண் கூடும். 30 வயதுக்கு 207.98. நிரந்தர முழு ஊனத்துக்கு, கூலியில் பாதிக்குப் பதில் 60 சதவீதம் கொண்டு கணக்கிட வேண்டும்.

இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும், "கையுறை போடவில்லை", "குடித்திருந்தார்" என்று சொல்லி வேலை கொடுத்தவர் தட்டிக்கழிக்க முடியாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாள் சட்டப்படி செல்லாது. ஒரு மாதத்துக்குள் தொகை தராவிட்டால் 12 சதவீத வட்டியும், தக்க காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை தண்டத் தொகையும் சேரும். மனுவைத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

வேலை கொடுக்கும் சிறு விவசாயி கவனத்துக்கு

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும், ஓர் ஆளைக் கூலிக்கு அழைத்து மருந்து அடிக்கச் சொன்னால், இந்தச் சட்டத்தின் பார்வையில் வேலை கொடுப்பவரே. பதினோரு லட்ச ரூபாய் என்பது அவருடைய நிலத்தையே விழுங்கக்கூடிய தொகை. ஆகவே கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒழுகும் தெளிப்பானைக் கொடுக்காதீர்கள். காற்றுக்கு எதிராகவும், உச்சி வெயிலிலும் தெளிக்கச் சொல்லாதீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு பற்றிப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் விசாரியுங்கள்.

இறப்பு நேர்ந்தால் தொகையை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுத்ததில், மூன்று மாதக் கூலிக்கு மேற்பட்ட முன்பணம் கணக்கில் கழிக்கப்படாது. ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுத்துவிட்டு, மீண்டும் முழுத் தொகையும் கட்ட நேரிடலாம்.

சொந்த நிலத்தில் தெளித்தவர் என்றால்

சொந்த வயலில் தெளித்தவருக்கு வேலை கொடுத்தவர் என்று எவரும் இல்லை. அவர் குடும்பத்துக்கு உள்ள வழிகள் வேறு.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம்: 18 முதல் 70 வயது வரை உள்ளோர் வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு ரூ.20 செலுத்தினால், விபத்து இறப்புக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். தற்கொலைக்குக் கிடையாது.

உழவர் பாதுகாப்புத் திட்டம்: விபத்து இறப்புக்கான உதவியை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

நுகர்வோர் ஆணையம்: மருந்து போலியானாலோ, சீட்டில் தக்க எச்சரிக்கை இல்லாவிட்டாலோ, உற்பத்தியாளர் மீதும் விற்றவர் மீதும் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்துள்ளது. இவ்வழக்குக்கு ரசீது தேவை. எனவே ரசீது இல்லாமல் மருந்து வாங்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால்

பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி உண்டு. எனவே கணவரை இழந்த பெண் எவரும் இதைப் பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மருந்து ரசீது, மருத்துவமனைச் சீட்டு, காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூலி கொடுத்ததற்கு ஆதாரம் ஆகிய ஏழையும் இரண்டு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு போன உயிரைத் திருப்பித் தராது. ஆனால் பிள்ளைகளின் படிப்பு நிற்காமலும், இருக்கும் நிலம் கடனுக்குப் போகாமலும் அது காக்கும்.