ஆலையின் நிகர இயக்க நேரம்: கணக்கிடும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மேனோன்பாறையில் முன்னர் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கிவந்தது. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைகள் இரவு பகலாக ஓட வேண்டியவை. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே ஆலை எவ்வளவு நேரம் உண்மையில் ஓடியது என்பது நிர்வாகத்தின் கவலை மட்டுமன்று, விவசாயியின் கவலையுமாகும்.

பணிமுறை நேரத்திலிருந்து இடைவேளையையும் இயந்திரம் நின்ற நேரத்தையும் கழித்தால் எஞ்சுவதே நிகர இயக்க நேரம். இக்கணக்கு எளிதாகத் தோன்றினும் பிழைக்கு இடம் தருவது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம்.

இரவுப் பணிமுறை 22.00 மணி முதல் 06.00 வரை, அதாவது 480 நிமிடம். இடைவேளை 02.00 முதல் 02.30 வரை. பதிவேட்டில் நான்கு நிறுத்தங்கள் உள்ளன: மின்தடை 21.40–22.25, அரவை உருளைப் பழுது 01.45–02.20, கொதிகலன் கோளாறு 04.00–04.40, கரும்பு வரத்துத் தடை 04.20–05.00. இடைவேளையையும் சேர்த்து அனைத்தையும் அப்படியே கூட்டினால் 190 நிமிடம், எஞ்சுவது 290.

இது தவறு. மின்தடையின் முதல் 20 நிமிடம் முந்திய பணிமுறையைச் சார்ந்தது. உருளைப் பழுதில் 20 நிமிடம் இடைவேளைக்குள் அடங்கியது. கடைசி இரு நிறுத்தங்களுக்கும் 20 நிமிடம் பொதுவானது. இந்த 60 நிமிடத்தையும் நீக்கினால் கழிக்க வேண்டியது 130 நிமிடமே. நிகர இயக்க நேரம் 350 நிமிடம்.

1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் ஆகியோர் அறிமுகப்படுத்திய வினவுமொழியிலிருந்து வளர்ந்த எஸ்.க்யூ.எல். மொழியில் இதனைப் பின்வருமாறு செய்யலாம்.

முதலாவதாக, நேரத்துடன் தேதியையும் பதிய வேண்டும். இன்றேல் நள்ளிரவைக் கடக்கும் பணிமுறையின் நீளம் எதிர்க்குறி எண்ணாக வந்துவிடும். இரண்டாவதாக, இடைவேளையையும் ஒரு நிறுத்தமாகவே கருதி, 'யூனியன் ஆல்' கொண்டு அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, நிறுத்தத் தொடக்கம், பணிமுறைத் தொடக்கம் இவற்றுள் பிந்தியதையும், இரண்டின் முடிவுகளுள் முந்தியதையும் எடுத்து, எல்லைக்கு வெளியே உள்ள பகுதியை வெட்டிவிட வேண்டும். நான்காவதாக, இயந்திரம், பணிமுறை வாரியாகத் தொடக்க நேர வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் அதற்கு முந்தியவற்றின் மிகப் பிந்திய முடிவை 'மேக்ஸ் ஓவர்' மூலம் பெற்று, அதற்குப் பின்னுள்ள நிமிடங்களை மட்டும் எண்ண வேண்டும். இங்கு அவை முறையே 25, 35, 10, 40, 20, மொத்தம் 130. இறுதியாக, நிறுத்தமே இல்லாத பணிமுறை விடுபடாதிருக்க, 'லெஃப்ட் ஜாயின்' கொண்டு இணைத்து, வெற்று மதிப்பைச் சுழியமாக்க வேண்டும்.

இருமுறை எண்ணப்பட்ட ஒரு மணி நேரம் தொழிலாளியின் மீது வீண்பழியாக விழும். எண்ணாது விட்ட ஒரு மணியோ ஆலையின் குறையை மறைக்கும். சீர்திருத்தம் சரியான கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.