பழைய பீங்கானில் சோறு போடலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், மங்குச் சாமான்களுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவே ஏதாவது ஒரு மூலையில் பீங்கான் தட்டுகள் அடுக்கியிருக்கும். கையில் எடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘உடையாமல் ஊர் போய்ச் சேருமா?’ என்பது. ‘இதில் சாப்பிடலாமா?’ என்று கேட்பவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டிலும் இதே கதைதான். உடைந்துவிடுமே என்று பூட்டிவைக்கிறோம். விருந்தாளி வந்தால் வெளியே எடுத்து, சுடச்சுட ரசம் ஊற்றிக் கொடுக்கிறோம். பல வருடங்களாகப் பழைய பீங்கான் வாங்கி, அதிலேயே தினமும் சாப்பிட்டுவரும் எனக்கு, நம் பயம் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. பீங்கானைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘போன் சைனா என்பது வெறும் பெயர். அதில் எலும்பு எதுவும் கிடையாது.’

உண்டு. பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல்தான். சீனாவின் ஜிங்தேஷன் நகரத்துக் குயவர்கள் வெண்களிமண்ணையும் பீங்கான் கல்லையும் சேர்த்து, சுமார் 1,300 பாகை செல்சியஸில் சுட்டுப் பீங்கான் செய்தார்கள். அந்த ரகசியம் ஐரோப்பாவுக்குப் பிடிபட 1708 வரை ஆனது. பிடித்தவர் சாக்சனியில் ஆய்வு செய்த பாட்கர். 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தில் ஸ்போட் குடும்பம் 1790களில் எலும்புச் சாம்பல் பாதி, வெண்களிமண் கால், கல் கால் என்று ஒரு கலவையை நிலைநிறுத்தியது. இன்றுவரை போன் சைனாவின் அடிப்படை அதுதான். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் தன்மையும், மெல்லியதாக இருந்தும் எளிதில் விளிம்பு உதிராத உறுதியும் அந்தச் சாம்பலிலிருந்து வருகின்றன.

எலும்பைக் கடும் சூட்டில் எரித்தபின் மிஞ்சுவது கால்சியம் பாஸ்பேட் என்ற தாதுதான். கொழுப்போ தசையோ அதில் இல்லை. ஆனாலும் சைவக் குடும்பத்தில் ஒருவர் ‘எனக்கு வேண்டாம்’ என்றால் அது நியாயமான முடிவு. ‘சும்மா பெயர்தான்’ என்று சொல்லி அவர் தட்டில் பரிமாறுவது சரியல்ல. அவருக்கு மைசன், பிரான்சின் லிமோஜ், சீனாவின் ஜிங்தேஷன் வகை கெட்டிப் பீங்கான் இருக்கிறது. அதில் எலும்பு சேராது.

‘வில்லோ தட்டில் இருப்பது பழைய சீனக் காதல் கதை.’

பாலம், வில்லோ மரம், மூன்று உருவங்கள், மேலே ஜோடிப் பறவைகள். உலகிலேயே அதிகம் அச்சான தட்டுச் சித்திரங்களில் இதுவும் ஒன்று. சித்திரம் பிறந்தது சீனாவில் அல்ல, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில். சீனத் தட்டுகளைப் பார்த்து, செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய காகிதத்தில் மையெடுத்துத் தட்டில் ஒற்றினார்கள். மை நீலமாக இருப்பதற்குக் காரணம் கோபால்ட். சூளையின் சூட்டைத் தாங்கிய நிறங்கள் அன்று மிகக் குறைவு. பறவையாக மாறிய காதலர்களின் கதையோ, தட்டு விற்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலேயே கட்டப்பட்டது. மைசனின் ‘நீல வெங்காயம்’ சித்திரமும் இப்படித்தான். அதில் வெங்காயமே இல்லை. சீனத் தட்டிலிருந்த மாதுளையும் பீச் பழமும் ஐரோப்பியக் கண்ணுக்கு வெங்காயமாகத் தெரிந்துவிட்டன.

தட்டின் பின்பக்க முத்திரையை மட்டும் பார்த்து வயது சொல்பவர்களையும் நம்பிவிடக் கூடாது. காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) செய்த சீனப் பாத்திரங்கள் பலவற்றில், இருநூறு ஆண்டுகள் முந்தைய செங்குவா பேரரசரின் முத்திரை இருக்கும். முன்னோருக்குச் செய்த மரியாதை அது. ஐரோப்பியத் தட்டில் நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது; இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெயர் இல்லாததாலேயே அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. நோரிடேக் தட்டில் ‘ஸ்ரீலங்கா’ என்றிருந்தால் போலி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. மாத்தளையில் அந்த ஜப்பானிய நிறுவனத்தின் தொழிற்சாலை 1970களிலிருந்து இயங்குகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

‘பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியில் நூறு வருஷமாக ஊறுகாய் கெடவில்லை. தட்டு மட்டும் என்ன செய்துவிடும்?’

இந்த வாதத்தை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஜாடி வேறு, தட்டு வேறு. ஊறுகாய் ஜாடி கல்போல இறுகச் சுட்டது. உயர்ந்த சூட்டில் உருகும் அதன் மேற்பூச்சுக்கு ஈயம் தேவையில்லை. குறைந்த சூட்டில் பளபளப்பாக உருக வேண்டிய பூச்சுக்குத்தான் ஈயம் சேர்ப்பார்கள். மண்தட்டுகளில் மட்டுமல்ல, பழைய ஆங்கிலேய போன் சைனாவிலும் ஈயப் பூச்சு வழக்கமாக இருந்தது. மைசன், லிமோஜ் வகையில் பூச்சும் உடலும் ஒரே பெருஞ்சூட்டில் வேகுவதால் பூச்சில் ஈயம் இருக்காது. ஆனால் பூச்சுக்கு மேலே தீட்டிய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பூக்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். விரலால் தடவினால் சித்திரம் மேடாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் அது பூச்சுக்கு மேலே தீட்டியது.

ஈயத்தை வெளியே இழுப்பது புளிப்பு. நம் சமையலோ புளிப்பின் சமையல். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, எலுமிச்சை சாதம், மோர், ஊறுகாய் எல்லாமே புளிப்பு. ரொட்டியும் வறுத்த இறைச்சியும் வைத்த தட்டு ஐரோப்பிய மேஜையில் ஓரளவு பிழைத்துப்போயிருக்கலாம். நம் மேஜையில் அதற்குப் பெரிய சோதனை. சூடும் நேரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆய்வகங்கள் பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு ஈயம் இறங்கியது என்று அளப்பதும் இதனால்தான். சந்தையில் கிடைக்கும் ஈயச் சோதனைத் துடைப்புக் குச்சி நிறம் மாறினால் தட்டை ஒதுக்கிவிடலாம். மாறவில்லை என்பதால் பாதுகாப்பு உறுதியாகிவிடாது. அமெரிக்காவில் உணவு மருந்து நிர்வாகம் ஈயக் கசிவுக்கு வரம்பு வைக்கத் தொடங்கியதே 1971இல்தான். அதற்கு முந்தைய தட்டுகள் எந்த வரம்பும் இல்லாத காலத்தில் சூளையை விட்டு வந்தவை. குழந்தையின் உடலில் எவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. ஆகவே குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சந்தேகத் தட்டில் நான் பரிமாறுவதில்லை.

ஈயத்தோடு கவலை முடியவில்லை. அமெரிக்காவின் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ஃபியஸ்டா தட்டுகளின் பழைய ஆரஞ்சுச் சிவப்பில் யுரேனியம் ஆக்சைடு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் கிடைக்காமல் அந்த நிறம் நின்று, 1959இல் திரும்பிவந்தது. அழகான நிறம். அலமாரியிலேயே இருக்கட்டும்.

அப்படியென்றால் பழைய தட்டை என்னதான் செய்வது? என் வழக்கத்தைச் சொல்கிறேன். தினச் சாப்பாட்டுக்கு, மேலே சித்திரம் இல்லாத வெள்ளைக் கெட்டிப் பீங்கான். நடுவில் வெறும் வெள்ளையும் விளிம்பில் மட்டும் கோடும் உள்ளவையும் பரவாயில்லை. பூப்போட்ட போன் சைனாவில் முறுக்கு, அதிரசம், வடை. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழகான தட்டைத்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், வாழையிலையைத் தட்டளவுக்கு வட்டமாக நறுக்கிப் போட்டு, குழம்பை அதன்மேல் பரிமாறுகிறேன். விளிம்புச் சித்திரம் இலையைச் சுற்றிலும் தெரியும். எந்தப் பழைய தட்டிலும் மிச்சம் மீதியை மூடி ராத்திரி வைப்பதில்லை.

‘கீறல் விட்ட தட்டைப் பாலில் காய்ச்சினால் ஒட்டிக்கொள்ளும்.’

பாலிலுள்ள புரதம் மெல்லிய கீறலில் போய் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீறல் மங்கும். பீங்கான் ஒட்டுவதில்லை. அடைத்தது பால்தான் என்பதால் அது கெட்டும் போகும். விரல் நகத்தால் தட்டினால் நல்ல தட்டு மணிபோல ஒலிக்கும். கீறல் ஓடியது ‘தொப்’பென்று கேட்கும். வலைபோல மேற்பூச்சு மட்டும் வெடித்த தட்டும் சாப்பாட்டுக்கு உதவாது. எண்ணெயும் ஈரமும் அடியில் இறங்கிப் பழுப்பேறும். பசை போட்டு ஒட்டி வண்ணம் பூசிய தட்டைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

‘புழங்கினால் வீணாகிவிடும்’ என்ற பயத்துக்கு மட்டும் நான் இடம் கொடுப்பதில்லை. அலமாரியிலேயே கிடந்து வீணான தட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். தட்டின் அடிவளையத்தில் பூச்சு இருக்காது. துணியோ காகிதமோ இடையில் இல்லாமல் அடுக்கினால் அது கீழ்த்தட்டைச் சுரண்டிவிடும். கோப்பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் மொத்த எடையும் கைப்பிடியில். தங்க விளிம்பு மைக்ரோவேவில் பொறிபறக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கரையும். கழுவும்போது தொட்டியில் பழைய துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவினால் போதும். கம்பி நாரும் பொடியும் வேண்டாம். கரண்டி பட்டுச் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது பெரும்பாலும் கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் ஒட்டியது. ஆப்பசோடாவைக் குழைத்து மெல்லத் தேய்த்தால் போய்விடும். தங்க விளிம்பில் மட்டும் கை படாமல் பாருங்கள்.

பாட்டியின் முழு செட்டும் லட்சங்கள் பெறும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20ஆம் நூற்றாண்டு டின்னர் செட்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. ராயல் ஆல்பர்ட் 1962இல் வெளியிட்ட ரோஜாச் சித்திரம் மட்டும் 10 கோடி உருப்படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கழுவிக் காயவைத்துப் பாதுகாக்க இன்று ஆட்கள் குறைவு. ஆகவே விலையும் இறங்கிவிட்டது. வாங்கிப் புழங்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. நான் முழு செட் தேடுவதே இல்லை. ஒற்றையாக, இரட்டையாகக் கிடைப்பதை எடுக்கிறேன். எங்கள் வீட்டு மேஜையில் ஆறு பேருக்கு ஆறு தட்டு; ஒன்று ஜப்பான், இரண்டு மாத்தளை, மூன்று லிமோஜ். விளிம்பில் ஓடும் நீலக் கோடு ஆறிலும் உண்டு.