தேவாலா அடுக்களையில் பீச்சுக் கனி

நீலமலை முழுதும் ஒரே குளிர்நாடு என்று சமவெளியில் வாழ்வோர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. உதகை 7,300 அடிக்கு மேல் உயர்ந்தது. குன்னூர் 6,000 அடிக்குச் சற்று மிகுதியானது. கூடலூரினின்று பந்தலூர் செல்லும் வழியில், நாடுகாணிக்கு அப்பால் அமைந்த தேவாலாவோ ஏறத்தாழ 3,000 அடியே உயர்ந்தது. மூன்றும் ஒரே மாவட்டத்தில் அடங்கினும், மேலே விளைவது கீழே விளைவதில்லை. கீழே விளைவது மேலே விளைவதில்லை. பீச்சுப் பழம் மேல்மலைக்கு உரியது. மிளகும் ஏலமும் கிராம்பும் கீழ்மலைக்கு உரியன. இவ்விரண்டும் கோடைக்காலத்தில் ஓர் அடுக்களையிற் கூடினால் எத்தகைய இன்பண்டங்கள் விளையும் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பீச்சு தேவாலாவில் ஏன் காய்ப்பதில்லை என்று முதற்கண் வினவலாம். அம்மரத்தின் அரும்புகள் பனிக்காலத்தில் உறங்கும் இயல்பின. 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் நூற்றுக்கணக்கான மணிநேரம் உறங்கினாலன்றிப் பெரும்பாலான வகைகள் செவ்வனே பூப்பதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிற் பயிராவன குறைந்த குளிரே போதுமான வகைகள். அக்குறைந்த குளிரும் தேவாலாவுக்கு வாய்ப்பதில்லை. அன்றியும், ஜூன் மாதம் பிறந்தால் அங்குப் பெய்யும் மழை மென்கனி எதனையும் மரத்தில் விட்டுவைக்காது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் தேவாலாக் கடைத்தெருவில் காணப்படும் பீச்சு, மேலிருந்து வண்டியேறி வந்ததேயாகும். 1879 முதல் 1882 வரை தேவாலாவிலும் பந்தலூரிலும் பொன் கிடைக்கும் என்று நம்பி ஆங்கிலேயக் கூட்டத்தினர் பலர் பெரும்பொருள் கொட்டிச் சுரங்கம் தோண்டி ஏமாந்தனர் என்பது வரலாறு. பொன்னிறமாக இன்று தேவாலாவுக்கு வருவது இப்பழம் ஒன்றே. அதுவும் உதகை வழியாகப் பேருந்தின் கூரைமேல் வருகின்றது!

தமிழ் பயில்வோர் ஆதலின், பெயரைப் பற்றியும் சிறிது கூறாமற் செல்ல எமக்கு மனமில்லை. நூலாசிரியர் சிலர் இதனைக் குழிப்பேரி என்பர். நீலமலைக் கடைக்காரர் பிச்சீஸ் என்பர். பிளம்ஸ் என்பது போல, ஆங்கிலப் பன்மையையே ஒருமையாகக் கொண்ட வழக்கு இது. ஆங்கிலப் பெயரின் மூலத்தை ஆராயின், அது பாரசீகக் கனி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று தேய்ந்து வந்ததாம். உரோமர் அதனைப் பாரசீகத்தின் வழியாகப் பெற்றமையால் அப்பெயர் இட்டனர். மெய்யான தாயகம் சீனமே. ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த யுவான் சுவாங், கனிஷ்கர் காலத்தில் பிணையாக வந்து பஞ்சாபில் தங்கியிருந்த சீனநாட்டவரே பீச்சையும் பேரியையும் இந்நாட்டில் முதலில் நட்டனர் என்னும் செய்தியைக் குறித்துள்ளார். அதனாற் பீச்சுக்குச் சீனானி என்றும், பேரிக்குச் சீனராசபுத்திரன் என்றும் பெயர்கள் வழங்கினவாம். ஒரே கனியைப் பாரசீகம் என்று மேற்கும், சீனம் என்று வடநாடும் அழைத்தன. தான் எவ்வழியே பெற்றதோ அவ்வழியையே ஒவ்வொரு நாடும் பெயராக்கிக் கொண்டது போலும். குழிப்பேரி என்னும் பெயரில் எமக்கு ஒரு குறையுண்டு: பேரிக்கும் இதற்கும் குடும்பம் ஒன்றாயினும் தன்மை வேறு, பிளம்சும் வாதுமையுமே இதற்கு நெருங்கிய உறவினர். ஆகவே இக்கட்டுரையில் மக்கள் நாவில் நடமாடும் சொல்லையே ஆள்கின்றோம்.

நிற்க. நீலமலைப் பீச்சைப் பற்றி எழும் குறைகூறல் ஒன்றே: அது புளிக்கின்றது என்பது. இக்குறைக்குக் காரணம் உண்டு. மாவும் வாழையும் காயாகப் பறிக்கப்படினும், அவற்றினுள் சேர்ந்திருக்கும் மாச்சத்து வைக்கோலில் வைத்த சில நாட்களிற் சர்க்கரையாக மாறிவிடும். பீச்சுக் காயில் அத்தகைய மாச்சத்துச் சேமிப்பு இல்லை. மரத்தினின்று பறித்த கணத்தோடு அதன் இனிப்பு நின்றுவிடுகின்றது. பறித்த பின் அது மென்மையடையும், மணக்கும், சாறு பெருகும். ஆனால் இனிப்பு ஏறாது. நன்கு பழுத்த பீச்சோ இரண்டு மூன்று நாட்களிற் கன்றி அழுகிவிடும். எனவே மலைச்சாலையின் வளைவுகளைத் தாங்க வேண்டி விவசாயி அதனைக் கடினமாய் இருக்கும்போதே பறிக்கின்றார். வாங்குவோர் கடித்துப் பார்த்து முகஞ்சுளித்து, மறுமுறை வாங்குவதில்லை. விலைபோகாத மரம் தோட்டத்தில் நெடுநாள் நிற்குமா? சிறு விவசாயிகளிடையே தேயிலை பரவிய காலத்திற் பழமரங்கள் பல அவ்வாறே இடம் இழந்தன. இதனாற் பெறப்படுவது யாதெனின், குற்றம் கனியினுடையதன்று, அதனை உண்ணும் முறையினுடையதே என்பதாம். பச்சையாகக் கடித்துத் தின்பதற்கு அஃது ஏற்றதன்றாயினும், அடுப்பேற்றுவதற்கு அதனினும் ஏற்ற கனி மலையில் இல்லை என்று துணிந்து கூறுவோம். புளிப்பில்லாத பழத்தைப் பாகிலிட்டால் வெறும் இனிப்பே எஞ்சும்; புளிப்புள்ள பழமே பாகோடு போராடிச் சுவை தரும்.

முதலில் தோலுரிக்கும் முறை. தோலின் மேலுள்ள பூமயிர் நாவை உறுத்துமாதலின் அதனை நீக்குதல் நன்று. பழத்தின் அடியிற் கத்தியால் சிறு கூட்டற்குறி கீறி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இட்டு, உடனே தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வரும். சிலவகைகளிற் கொட்டை எளிதிற் கழன்றுவிடும். சிலவற்றிற் சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் வகையை மாங்காய் அரிவது போலக் கொட்டையைச் சுற்றி வளைத்து அரிய வேண்டும். அரிந்த துண்டுகள் காற்றுப் பட்டுக் கறுக்கும். எலுமிச்சைச் சாறு சிறிது தெளித்தால் அக்கறுப்புத் தடைப்படும். ஈயம் பூசாத பித்தளை, செம்புக் கலங்களில் இப்பழத்தைச் சமைத்தல் ஆகாது. புளிப்பு உலோகத்தைத் தின்னும். மண்சட்டியோ எவர்சில்வர்ப் பாத்திரமோ போதும்.

பாகிட்ட பீச்சே ஏனைய இன்பண்டங்களுக்கெல்லாம் அடிப்படை. அரைக் கிலோ பழத்திற்கு அரை லிட்டர் நீரும் 250 கிராம் சர்க்கரையும் கொள்க. அதனுள் முழு மிளகு ஆறு, கிராம்பு இரண்டு, விரல்நுனியளவு பட்டை ஆகியவற்றை இட்டுக் கொதிக்கவிட்டு, பழத்துண்டுகளைச் சேர்த்து, தீயைத் தணித்து எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து இறக்கி, பாகிலேயே ஆறவிடுக. பாகு தொடக்கத்தில் நீர்த்திருத்தல் வேண்டும். கம்பிப்பதத்துக் கெட்டிப் பாகிற் கடினமான பழத்தைப் போட்டால், பழத்தின் நீர் வெளியே இழுக்கப்பட்டுத் துண்டுகள் சுருங்கித் தோல்போல் ஆகும். நீர்த்த பாகிலோ சர்க்கரை மெல்ல மெல்ல உள்ளே புகும். ஆதலின் ஓரிரவு ஊறிய பழம் அன்றைய பழத்தினும் சிறந்தது. இனிப்பில் மிளகு எதற்கு என்பார்க்கு, சுக்கும் மிளகும் சேர்ந்த பானகத்தை நினைவூட்டுகின்றோம். பாகிட்ட பீச்சில் மிளகின் காரம் நாவிற் படாது. தொண்டையில் ஒரு வெம்மையாய் மட்டும் நிற்கும்.

இனிப் பாயசத்திற்கு வருவோம். இதுவே எம் கட்டுரையின் நடுநாயகம். பீச்சைப் பசும்பாலிலிட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தவர் பலர். பால் திரிந்ததைக் கண்டு கைவிட்டவரும் பலர். பாலிலுள்ள புரதம் புளிப்புப் பட்டவுடன் திரளும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். வெல்லப் பாயசத்தில் பால் திரியக்கூடும் என்று அஞ்சி, இறக்கி ஆறிய பின்பே பால் வார்க்கும் நம் அன்னையர் இவ்வுண்மையை வேதிநூல் படியாமலே அறிந்திருந்தனர். தேவாலாவிலோ இத்தொல்லைக்கு வேறு வழி கண்ணெதிரே உள்ளது. கேரள எல்லை அருகில். பலாப்பழத்தை வெல்லத்தில் வரட்டித் தேங்காய்ப்பாலில் கரைக்கும் சக்கப் பிரதமன் அங்கு யாவரும் அறிந்தது. 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் இலங்கையினின்று திரும்பிக் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிற் குடியேறிய குடும்பங்களோ, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் கூட்டிக் கிண்டும் தொதலை நன்கு அறிந்தவை. இவ்விரு மரபினர்க்கும் பொதுவான தேங்காய்ப்பாலே பீச்சுக்கும் உற்ற துணை.

செய்முறை வருமாறு: அரைக் கிலோ பீச்சைத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக அரிந்துகொள்க. 200 கிராம் வெல்லத்தை நீரிற் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான உருளியில் ஏற்றிப் பழத்தையும் இரண்டு கரண்டி நெய்யையும் சேர்த்துக் கிண்டுக. பழத்தின் நீர் சுண்டி, கரண்டியால் இழுத்தால் உருளியின் அடி தெரியும் அளவிற்கு இறுகுதல் வேண்டும். இந்நிலையில் அவசரப்படுவோர் பாயசம் கெடுப்பர். நீர் சுண்டாத பழம் பின்னர்த் தேங்காய்ப்பாலை நீர்க்கச் செய்துவிடும். தனியே வேகவைத்த 50 கிராம் ஜவ்வரிசியை இதனோடு கூட்டுக. ஒரு தேங்காயின் இரண்டாம் பாலை வார்த்து ஒரு கொதி வரும்வரை காய்ச்சுக. பின்னர் இறக்கிவைத்து, கொதி அடங்கிய பிறகே முதற்பாலை வார்க்க வேண்டும். அடுப்பின்மேல் வார்த்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஏலப்பொடியும் சுக்குப்பொடியும் தூவி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லை இறுதியிற் சேர்க்க. பலாவில் இல்லாத ஒரு புளிப்பு இப்பாயசத்தின் அடியில் ஓடும். அதனால் இரண்டாம் கிண்ணம் திகட்டுவதில்லை. சக்கப் பிரதமனில் எம்மால் இரண்டாம் கிண்ணத்தை முடிக்க இயன்றதில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

குளிர்ந்த பண்டம் விரும்புவோர்க்குக் கடற்பாசி உதவும். கடைகளில் இதனைச் சைனா கிராஸ் என்று விற்பர். மன்னார் வளைகுடாக் கரையில் எடுக்கப்படும் பாசியினின்றும் இது செய்யப்படுகின்றது. விலங்கின் எலும்பினின்றும் தோலினின்றும் எடுக்கும் ஜெலாட்டின் இறுகக் குளிர்பெட்டி வேண்டும். கடற்பாசியோ 40 பாகைக்குக் கீழே இறங்கியவுடன் தானே இறுகும். மலைக்காற்றில் மின்கம்பி அறுந்து குளிர்பெட்டி ஓய்ந்துகிடக்கும் நாளிலும் இஃது இறுகாமற் போகாது. 10 கிராம் கடற்பாசியை ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் ஊறவைத்து, முற்றும் கரையும்வரை காய்ச்சி, சர்க்கரை சேர்த்து இறக்கிய பின்னரே பீச்சுக் கூழைக் கலக்க வேண்டும். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் காய்ச்சினால் அதன் இறுகும் ஆற்றல் குறையும். தட்டில் வார்த்து ஆறியபின் வில்லைகளாக அறுத்துக்கொள்ளலாம்.

மேலைநாட்டு முறைகளுட் புகழ்பெற்றது ஒன்றுண்டு. 1890களில், இலண்டன் மாநகரின் சவாய் விடுதியில் எசுகோபியர் என்னும் பிரெஞ்சு மடையர், ஆத்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவின் பொருட்டுப் பாகிட்ட பீச்சை வெண்ணிலா ஐஸ்கிரீமின் மேல் வைத்துப் படைத்தார். அதுவே இன்றும் பீச் மெல்பா எனப்படுவது. அடிப்படை பாகிட்ட பீச்சேயாதலின், மேற்கூறியவாறு செய்து வைத்திருப்போர்க்கு இதில் புதிதாகக் கற்பதற்கு ஒன்றுமில்லை. கஸ்டர்டும் அவ்வாறே: காய்ச்சிய கஸ்டர்டு முற்றும் ஆறிய பின் பழத்தைக் கூட்டுக. அன்னாசி கேசரி செய்பவர் அன்னாசிக்கு மாற்றாக இதனை இட்டும் கிண்டலாம்.

ஜாம் காய்ச்சுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கடல்மட்டத்தில் எழுதப்பட்ட மடைநூல்கள் 104 அல்லது 105 பாகையில் இறக்குக என்னும். நீரின் கொதிநிலையே தேவாலாவில் ஏறத்தாழ 97 பாகை, உதகையில் 93 பாகைக்கும் சற்றுக் குறைவு. கொதிநிலைக்கு மேல் நாலரைப் பாகை என்பதே விதியாதலின், தேவாலாவில் 101 பாகையிலேயே ஜாம் பதமாகிவிடும். நூலை நம்பி 105 பாகை வரை காய்ச்சினால் பெறுவது மிட்டாயே. பீச்சில் இறுகச் செய்யும் பெக்டின் குறைவு. ஆதலின் ஒரு கிலோ பழத்திற்கு 750 கிராம் சர்க்கரையோடு இரண்டு எலுமிச்சையின் சாறும், முற்றாத பழம் சிலவும் சேர்த்தல் நலம்.

கொட்டையை உடைத்தால் உள்ளே வாதுமை மணமுள்ள பருப்பு இருக்கும். மணத்திற்கு மயங்கி அதனை அரைத்துப் பாயசத்திற் சேர்க்கலாகாது. அப்பருப்பிலுள்ள ஒரு பொருள் அரைபடும்போது சயனைடு நஞ்சை வெளிவிடும். கொட்டைகளை எண்ணி எடுத்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எறிந்துவிடுக.

பாகிட்ட பழம் தீர்ந்தபின் எஞ்சும் பாகைக் கீழே கொட்டிவிடாதீர்கள். மிளகும் கிராம்பும் பழச்சாறும் ஊறிய அதனை வடிகட்டி, மீண்டும் ஒரு கொதி விட்டு, கண்ணாடிக் குப்பியில் வார்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை நிற்கும். மே மாதத்து வெயிலில் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்து அருந்தலாம். ஜூன் மழை முந்திக்கொண்டு வந்துவிட்டால், வெந்நீரும் இஞ்சிச்சாறும் போதும்.