போதிதருமரும் எங்கள் லயத்துக் கம்பும்

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சென்ற விடுமுறையில் ஊர் இளைஞர் ஒருவர், "குங்ஃபூவும் கராத்தேயும் காஞ்சிபுரத்துப் போதிதருமர் தந்த கொடை" என்று முழங்கினார். எனக்குச் சிலம்பம் பயிற்றிய முதிய வாத்தியார் என்னைப் பார்த்து, "தம்பி, நீ படித்தவனாயிற்றே, இது மெய்தானா?" என்றார். விடை தெரியாமல் விழித்தேன். திரும்பி வந்து நூல்களைப் புரட்டினேன்.

போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல் கி.பி. 547ஐ ஒட்டியது. அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தன்லின் என்பார் எழுதிய மற்றொரு பழைய குறிப்போ, அவரைத் தென்னிந்திய மன்னனின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் போர்க்கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஷாவோலின் மடத்துத் துறவிகள் 621இல் போரில் உதவியதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதிலும் போதிதருமர் அவர்களுக்குப் போர்க்கலை கற்பித்ததாக இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'தசைநார் மாற்ற நூல்' 17ஆம் நூற்றாண்டினது. அதன் முன்னுரை போலி என்று சீன அறிஞர்களே நிறுவினர்.

அவ்வாறாயின் இக்கலைகள் எங்ஙனம் தோன்றின? ஒரே ஊற்றிலிருந்து அல்ல. சீனத்தின் வடபுல முறைகளில் கால்வீச்சு மிகுதி. தென்புல முறைகளில் கைவீச்சு மிகுதி. ஒகினாவாத் தீவின் நாட்டுக் கலையும் சீனக் கலையும் கலந்து கராத்தே ஆயிற்று. 'சீனக் கை' என்று பொருள்பட எழுதிய அப்பெயரை 1930களில் 'வெறுங்கை' என மாற்றினர். பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவை வகுத்தார். கொரியாவின் டேக்வாண்டோ அப்பெயர் பெற்றது 1955இல்தான்.

ஆய்வுக்கூடத்தில் அளவு காட்டாத முடிவை நாம் ஏற்பதுண்டா? வரலாற்றுக்கு மட்டும் வேறு நீதியா?

ஷாவோலினுக்கு உரிமை கொண்டாடும் நாம், எங்கள் வாத்தியாரின் காலடி வரிசைகளை ஏட்டில் எழுதி வைத்தோமா? இல்லை. பகலெல்லாம் கொழுந்துக் காட்டில் உழைத்து, அந்தியில் லயத்து முற்றத்தில் கம்பு சுழற்றியவர் அவர். இன்று கற்க வருவோர் இருவரே. அவரோடு அவ்வரிசைகளும் மறைந்தால், அவற்றுக்கு எந்தக் கல்வெட்டு சான்று கூறும்?

அடுத்த விடுமுறையில் அவர் கேள்விக்கு விடை சொல்வேன்: "ஐயா, அதற்குச் சான்று இல்லை. உங்கள் கலைக்கு நீங்களே சான்று. சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."