தொட்டி மீனின் மறைவும் நினைவும்

வீட்டில் வளர்ந்த மீன் இறக்கும்போது, 'ஒரு மீன்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்' என்று சுற்றியிருப்போர் சொல்வது ஆறுதலுக்காகவே என்றாலும், அதை வளர்த்தவர் வாய்விட்டு வருந்துவதற்கு அச்சொல் இடமில்லாமல் செய்துவிடுகிறது. பிறர் இழப்பென்றே ஏற்காத இழப்பினால் வரும் இத்தகைய வலியை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் தொகுத்து வெளியிட்ட நூல் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்னும் பொருள்படும் பெயரால் விளக்கியது. ஒரு மீனுக்கு ஈடாக இன்னொரு மீன் அமைந்துவிடும் என்னும் எண்ணமே இம்மறுப்புக்கு வேர் என்பதால், இறந்த மீனை நினைவில் வைப்பது என்பது அது எவ்வகையில் தனித்திருந்தது என்பதைப் பதிந்து வைப்பதேயாகும்.

சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் தனித்தனியே அடைத்து விற்கப்படும் ஃபைட்டர் மீன் இந்தத் தனித்தன்மைக்குச் சிறந்த சான்று. பெட்டா ஸ்பிளென்டென்ஸ் என்ற அறிவியல் பெயர் கொண்டதும், 2019இல் தாய்லாந்து தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்ததுமான இம்மீனின் ஆண்கள் ஒன்றையொன்று தாக்கும் இயல்புடையவையாதலால், ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் என்றே வளர்க்கப்படுகின்றன. செவுளுக்கு மேலே மடிப்புகளாக அமைந்து காற்றை நேரடியாக ஏற்கும் 'லேபிரிந்த்' உறுப்பு இதற்கு உண்டு. ஆகவே அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து போகும் இம்மீன், வளர்ப்பவரின் கண்ணில் நாள் முழுதும் பட்டுக்கொண்டேயிருக்கிறது. உணவு மணியை வாயில் வாங்கி, வெளியே துப்பி, மீண்டும் கவ்வும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு. இலையின்மேல் சாய்ந்து உறங்குபவை சில. கண்ணாடியில் தம் பிம்பத்தைக் கண்டதும் செவுள்மூடியை விரித்து எதிர்த்து நிற்பவை பல. இதன் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே என்பதையும், கடைக்கு வரும்போதே அதில் சில மாதங்கள் கழிந்திருக்கும் என்பதையும் அறிந்திருந்தால், முதுமையால் நேர்ந்த இறப்புக்குத் தம்மையே பழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மீன் வளர்ப்போர் அனுபவத்தில் நினைவிலிருந்து முதலில் மங்குவது நிறமன்று, பழக்கமே. நிறம் புகைப்படத்தில் தங்கிவிடும், ஆனால் எந்த மூலையில் உறங்கியது, விளக்கைப் போட்டதும் எப்படி வந்தது என்பவை, எழுதி வைக்காவிட்டால் சில வாரங்களிலேயே கலங்கிவிடும். எனவே இறந்த சில நாட்களுக்குள், அழகாக எழுத முயலாமல், கண்டதை மட்டும் ஒரு நோட்டில் குறிப்பது நலம். புகைப்படத்தைவிட, உயிரோடிருக்கும்போதே எடுத்த சிறு காணொளி மேலானது, ஏனெனில் நீந்தும் விதமே ஒரு மீனின் முகம். மீனின் உடலில் மை தடவித் தாளில் பதிவெடுக்கும் 'கியோத்தாகு' என்னும் ஜப்பானியக் கலையும் உண்டு; ஆனால் நீரைவிட்டு எடுத்ததும் துடுப்புகள் ஒட்டிக்கொள்ளும் சிறு ஃபைட்டரைவிட, வளர்ந்த தங்கமீனுக்கே அது ஏற்றது.

உடலைக் கழிவறையில் விடாமல், காக்கையும் பூனையும் கிளறாத ஆழத்தில் மண்ணிலோ பெரிய தொட்டிச் செடியின் அடியிலோ புதைக்கலாம். மீன்களிடமிருந்து மனிதரின் தோலுக்குப் பரவும் பாக்டீரியாக்கள் இருப்பதால், கையில் காயமுள்ளவர் கையுறை அணிய வேண்டும். தொட்டியைப் பார்க்கவே மனமில்லாதவர்கள் எஞ்சிய மீன்களை ஏரியில் விடுவது பெருந்தவறு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த டேங்க் கிளீனர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியிருப்பது, வளர்ப்பு மீன் வெளியேறினால் என்ன நேரும் என்பதற்குக் கண்முன் உள்ள சான்று. எஞ்சிய மீன்களை, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன் அதே நிறத்தில் வேறொரு மீனை வாங்கித் தொட்டியில் விட்டுவிடும் பெற்றோர் உண்டு. நோக்கம் அன்புதான், எனினும் நாள்தோறும் உணவிட்ட குழந்தை அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே வாய்ப்பு மிகுதி. அப்போது மீன் போன துயரத்தோடு, உண்மை மறைக்கப்பட்ட வருத்தமும் சேர்கிறது. இறந்ததைச் சொல்லி, புதைக்கும்போது உடனிருக்கச் செய்து, அந்த மீனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைக் குழந்தையே நோட்டில் எழுதவோ வரையவோ விட வேண்டும். புதிய மீன் வரும் நாளில் அதற்கு வேறொரு பெயரைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.