ஸ்டீல் கிதார்: முதல் மூன்று கார்டுகள்

ஸ்டீல் கிதார் பழகத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, "ஸ்வரம் நிற்கவில்லை" என்று மூடி வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. தீவில் இதற்கு ஆசிரியர் கிடைப்பதும் அரிது. ஆயினும் மனம் தளர வேண்டாம். மெட்டில்லாத தந்திமேல் கட்டையை நகர்த்தி இசைப்பது தமிழருக்குப் புதிதன்று. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கோட்டுவாத்தியத்தில் வாசித்ததும் அம்முறையே.

பெடல் ஸ்டீலில், இ9 சுருதியில், 4, 5, 6ஆம் தந்திகளை இரும்பு வைக்காமல் மீட்டுங்கள். சங்கராபரணத்தின் ஸ, ப, க ஒலிக்கும். இது இ மேஜர். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் ப, த ஆகும். க, ம ஆகும். ஸ, ம, த சேர்ந்தால் ஏ மேஜர். மிதித்தபடியே இரும்பை 2ஆம் கோட்டில் வைத்தால் ப, நி, ரி. அது பி மேஜர். இம்மூன்றும் வந்துவிட்டால் எளிய பாட்டுகள் பலவற்றுக்குத் துணை வாசிக்கலாம்.

பெடல் இல்லையா? மடியில் வைத்து வாசிக்கும் கிதாரை இ மேஜருக்குச் சுருதி கூட்டுங்கள். 5ஆம் கோட்டில் ஏ, 7ஆம் கோட்டில் பி கிடைக்கும்.

இரும்பு கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். சற்று விலகினாலும் அபஸ்வரமே. கண்ணைவிடக் காதை நம்புங்கள். கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்து வையுங்கள்.

பெற்றோரே, தினம் 15 நிமிடம் அருகில் அமர்ந்து கேளுங்கள். பிள்ளைக்கு அதுவே பெரிய ஊக்கம்.