தானே மீளத்தொடங்கும் கணினி

நுழையும்முன்

முற்றிலும் நின்றுபோன கருவியின் பழுதைக் கண்டறிவது எளிது. ஒருபொழுது நின்று, ஒருபொழுது இயங்கி, பழுதுநீக்குபவர் முன் மட்டும் ஒழுங்காக இயங்கிக்காட்டும் கருவியே பெருந்தொல்லை தருவது. வீட்டுக் கணினி முன்னறிவிப்பின்றி அணைந்து, தானே மீண்டும் தொடங்குவது அவ்வகைப் பழுதாகும். அதன் காரணத்தைச் சான்றுகளின் வழியே தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கல்லூரி மாணவி ஒருவர் தம் வீட்டுக் கணினியில் ஆய்வேடு தட்டச்சு செய்வதாகக் கொள்ளலாம். திடீரெனத் திரை இருள்கிறது. சில நொடிகளில் கணினி முதலிலிருந்து இயங்கத் தொடங்குகிறது. சேமிக்காத இரண்டு பக்கங்கள் போய்விட்டன. மறுவாரமும் அவ்வாறே நிகழ, கணினி கடைக்குச் செல்கிறது. அங்கே வன்தட்டைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுகின்றனர். நகலெடுத்து வைக்காத குடும்பப் புகைப்படங்கள் அதனோடு அழிகின்றன. பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் மீண்டும் அதே பழுது. அடுத்து நினைவகத்தை மாற்றுகின்றனர். நான்கு நாள் நன்றாக இயங்கிய கணினி, ஐந்தாம் நாள் மீண்டும் அணைந்து எழுகிறது.

அமைதி சான்றாகுமா?

இருமுறையும் பழுது நீங்கியதாகவே வீட்டார் நம்பினர். அந்த நம்பிக்கையின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தற்செயலாக நிகழும் பழுது சராசரியாக வாரம் ஒருமுறை வருமானால், எதையுமே மாற்றாத நிலையிலும் நான்கு நாள் அது வராதிருக்கப் பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. பத்து நாள் வராதிருக்கவும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் அமைதி நிலவினால்தான் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகச் சுருங்குகிறது. பழுது எத்துணை அரிதாக வருகிறதோ, அத்துணை நீண்ட காலம் காத்திருந்தே தீர்வை மதிப்பிட வேண்டும். ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றினாலோ, எது குற்றவாளி என்பது என்றுமே தெரியாமல் போகும்.

ஒரே அறிகுறி, இரு காரணங்கள்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று 'பிளாஸ்டர்' என்னும் கணினிப்புழு இணையவழியே பரவத் தொடங்கியது. அது விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இன்றியமையாத சேவை ஒன்றைச் செயலிழக்கச் செய்தது. உடனே திரையில் அறிவிப்புப் பெட்டி ஒன்று தோன்றி, அறுபதிலிருந்து நொடிகளைக் கீழ்நோக்கி எண்ணும். எண்ணி முடித்ததும் கணினி மீளத்தொடங்கும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதிருந்தவர்களுக்கோ அறுபது நொடிக்குள் பதிவிறக்க இயலவில்லை. நொடி எண்ணிக்கையைக் கைவிடச் செய்யும் கட்டளையை முதலில் தட்டச்சு செய்தே திருத்தத்தைப் பெற வேண்டியிருந்தது.

அதே காலத்தில் தாய்ப்பலகைகள் பலவற்றில் வேறொரு கேடும் நிலவியது. 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை, குறைபாடுள்ள மின்பகுளி நிரப்பிய அலுமினிய மின்தேக்கிகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகி அழுத்தம் மிக, அச்சிறு உருளைகளின் தட்டையான தலை உப்பியது. சிலவற்றில் பழுப்புநிறக் கசிவு படிந்தது. செயலிக்குச் செல்லும் தாழ்ந்த மின்னழுத்தத்தை ஏற்ற இறக்கமின்றிச் சீராக வைத்திருப்பது மின்தேக்கியின் பணி. அது தளர்ந்ததும், வேலைப்பளு கூடும் வேளையில் கணினி தடுமாறி மீளத்தொடங்கியது.

வீட்டாரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும், புழு அறுபது நொடி முன்னறிவிப்புத் தந்தது; மின்தேக்கி எந்த அறிவிப்பும் தரவில்லை. அணையும் முன் என்ன நிகழ்ந்தது என்பதைக் கவனித்திருந்தால், வன்தட்டைத் துடைப்பதா, திருகாணியைக் கழற்றுவதா என்பது அப்போதே விளங்கியிருக்கும்.

பதிவேடு கூறுவது

விண்டோஸ் இயங்குதளம் கடும் பிழையைச் சந்திக்கையில் பிழைத்திரையில் பிழைக்குறியைக் காட்டும். ஆனால், உடனே மீளத்தொடங்குமாறு இயல்பாகவே அமைக்கப்பட்டிருப்பதால் அதனைப் படிக்க நேரமிருப்பதில்லை. தானியங்கி மீள்தொடக்கம் என்னும் அமைப்பை நீக்கிவிட்டால் அத்திரை அப்படியே நிற்கும்.

நிகழ்வுப் பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டும். முறையாக நிறுத்தப்படாமல் கணினி மீளத்தொடங்கியதை 41 என்னும் எண்ணுடைய பதிவு குறிக்கிறது. பலர் இவ்வெண்ணையே நோயின் பெயராகக் கருதிவிடுகின்றனர். அது நிகழ்ந்ததைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. அப்பதிவினுள் உள்ள பிழைக்குறியின் மதிப்பைக் காண்பதே பயன்தரும். அங்கு எண் ஒன்று இருப்பின் இயக்கி மென்பொருள், நினைவகம் ஆகியவற்றின்மீது ஐயம் கொள்ளலாம். சுழியமே இருப்பின், பிழையை எழுதிவைக்கவும் கணினிக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அந்நிலையில் மின்சாரம் வரும் வழியை ஆராய்வது தகும்.

நினைவகத்தைச் சோதிக்க 1994இல் கிறிஸ் பிராடி உருவாக்கிய 'மெம்டெஸ்ட்86' போன்ற மென்பொருள்கள் உள்ளன. இவை இயங்குதளத்தின் துணையின்றியே இயங்குபவை. இரவு முழுவதும் ஓடவிட்டு ஒரு பிழையேனும் தென்பட்டால், நினைவக அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கலாம். புதிய அட்டை வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

தூசி தட்டுவதே பலரும் கூறும் முதல் மருந்து. தீங்கற்ற மருந்துதான், எனினும், மிகுந்த வெப்பமடைந்த செயலி பெரும்பாலும் முதலில் வேகம் குறைந்து, பின்னர் முற்றாக அணைந்துவிடும். நொடிப்பொழுதில் எழுந்துகொள்ளும் கணினிக்கு வெப்பத்தைக் குறைகூறுவது அத்துணைப் பொருத்தமன்று.

மின்சாரத்தின் வழி

கணினியின் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் மின்னழுத்தம் தருகிறது. இவை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அனைத்தும் சீராக உள்ளன என்பதைத் தாய்ப்பலகைக்கு உணர்த்த ஒரு தனிச் சைகைக் கம்பி உண்டு. அச்சைகை கணநேரம் நின்றாலும் தாய்ப்பலகை அனைத்தையும் முதலிலிருந்து தொடங்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிநொடி தடைபட்டால் மின்வழங்கி தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் தாங்காது. அந்த இடைவெளியை நிரப்பவே யுபிஎஸ் வைக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். மின்வழங்கியின் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் அம்மின்னூட்டத்தைச் சிறிதுநேரம் தேக்கி வைத்திருக்கும். எனவே, மின்வழங்கியின் பெட்டியைப் பயிற்சியற்றோர் திறத்தல் கூடாது.

இப்போது அம்மாணவி ஒரு குறிப்பேடு வைக்கிறார். நாள், மணி, அப்போது இயங்கிய மென்பொருள், வீட்டில் நிகழ்ந்தவை என்று நான்கு பத்திகள். பதிவேட்டிலுள்ள பிழைக்குறி ஒவ்வொரு முறையும் சுழியம். ஐந்து நிகழ்வுகளுள் நான்கு, தண்ணீர்த் தொட்டிக்கான மோட்டாரை இயக்கிய வேளையோடு பொருந்துகின்றன. மோட்டார் தொடங்கும்போது இயல்பைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் வீட்டின் மின்னழுத்தம் ஒருகணம் தாழும். யுபிஎஸ் இருந்தும் அத்தாழ்வு கணினியை எட்டியது ஏன்?

ஆவணங்களையெல்லாம் சேமித்து மூடிவிட்டு, யுபிஎஸ்ஸின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றுகிறார். அக்கணமே கணினி அணைந்துவிடுகிறது. மின்கலம் நான்காண்டுப் பழையது. பச்சை விளக்கு எரிந்தபோதும் சுமையைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. எப்போது வரும் என்று அறியாதிருந்த பழுது, இப்போது வேண்டும்போது வரவழைக்கக்கூடியதாகிவிட்டது. புதிய மின்கலம் பொருத்தி அதே சோதனையைச் செய்யும்போது கணினி தடையின்றி இயங்குகிறது. மூன்று வாரங்களுக்குக் குறிப்பேட்டின் பத்திகள் வெறுமையாகவே உள்ளன. ஐந்தாம் நிகழ்வு எதனால் என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை அவர் கிழித்துவிடவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அவ்வப்போது பழுதாகும் கருவி ஒன்றைத் தேர்ந்து, இரு வாரங்களுக்கு நான்கு பத்திக் குறிப்பேடு எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. நினைவகத்தை மாற்றியதும் பழுது நீங்கிவிட்டதாகக் கூறும் கடைக்காரருக்கும் மாணவிக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்றை எழுதுக.